எழுதக் கற்றுக்கொள்ளும் முன்பே எழுத்தாளர்... 115 நாவல்கள் தந்த வை.மு.கோதைநாயகி அம்மாள் யார்?

பிடித்த பெண் எழுத்தாளர்கள் யார் என்று கேட்டால், த்ரில்லருக்கு ஒருவர், குடும்பக் கதைக்கு ஒருவர், சமூக நாவலுக்கு ஒருவர் என்று பிரித்துச் சொல்வோம். சிவசங்கரி, இந்துமதி, ரமணிசந்திரன், ராஜம் கிருஷ்ணன், அம்பை என்று அந்தப் பட்டியல் நீளும். இவர்கள் எல்லோருக்கும் முன்னால், 1920களிலேயே துப்பறியும் கதை, குடும்பக் கதை, சீர்திருத்தக் கதை என எல்லா ஏரியாவிலும் புகுந்து எழுதியவர் வை.மு.கோதைநாயகி அம்மாள். சுருக்கமாக வை.மு.கோ.

பொது அறிவுப் புத்தகங்களில் இவர் பெயர் ஒரே வரியில் முடிந்துவிடும்: தமிழின் முதல் பெண் துப்பறியும் நாவலாசிரியர். ஆனால் அவர் செய்தது அவ்வளவுதானா?

ஐந்தரை வயதில் கல்யாணம்

1901 டிசம்பர் 1-ம் தேதி ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தார் கோதைநாயகி. சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட, உறவினர்கள்தான் வளர்த்தார்கள். ஐந்தரை வயதில் திருமணம். கணவர் பெயர் பார்த்தசாரதி. வாழ்க்கைப்பட்ட இடம் சென்னை திருவல்லிக்கேணி. பெயருக்கு முன்னால் இருக்கும் 'வை.மு.' கணவர் வீட்டின் குடும்பப் பெயர். 'வைத்தமாநிதி முடும்பை' என்பதன் சுருக்கம்.

பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தக் காலத்தில் அது ஆச்சரியமும் இல்லை. ஆனால் கதை சொல்வதில் கில்லாடி. வீட்டுக் குழந்தைகளையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, சொந்தமாகக் கதை கட்டிச் சொல்வார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போனார். பார்த்து வந்த நாடகங்கள் மனசுக்குள் ஊறி, தானும் ஒன்று எழுத வேண்டும் என்ற ஆசை வந்தது.

சிக்கல் என்னவென்றால், அவருக்கு எழுத வராது.

அவர் சொல்லச் சொல்ல, தோழி எழுதினார்

இங்கேதான் பட்டம்மாள் என்ற தோழி வருகிறார். கோதைநாயகி வாயால் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதிக்கொண்டார். அப்படி உருவானதுதான் 'இந்திர மோகனா' நாடகம். இன்றைக்கு போனில் வாய்ஸ் டைப்பிங் செய்வது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அதே தோழியின் உதவியோடு எழுதவும் கற்றுக்கொண்டார்.

நாடகம் அச்சேறியதும் அடுத்த ஆசை, நாவல். அப்போது தமிழில் துப்பறியும் நாவல்களுக்குப் பெரிய மார்க்கெட் இருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு ஆகிய மூவரும்தான் அந்தத் துறையின் ஸ்டார்கள். ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவி எழுதுவது அன்று சகஜம். இவர்களில் வடுவூராரிடம் போனது கோதைநாயகியின் முதல் நாவலான 'வைதேகி'. அவர் கொடுத்த ஊக்கமும் ஆலோசனையும் பெரிய திருப்பமாக அமைந்தன.

நின்றுபோன பத்திரிகையை ஏன் வாங்கினார்?

நாவல் எழுதிவிட்டு, யாராவது வெளியிடுவார்களா என்று காத்திருக்கலாம். கோதைநாயகி காத்திருக்கவில்லை. 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகை நடத்த முடியாமல் நின்றுபோயிருந்தது. 1925-ல் அதை வாங்கி, தானே ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 23.

அவர் வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவு இதுதான். எதை வெளியிடலாம், எவ்வளவு பக்கம், கதை எப்படி முடிய வேண்டும் என்று எல்லாவற்றையும் ஆண்களே தீர்மானித்த காலம் அது. சொந்தப் பத்திரிகை கைக்கு வந்ததும், அந்த அனுமதியை யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

பத்திரிகை இயங்கிய விதமும் சுவாரஸ்யமானது. நாவல் தொடராக வரும். அடுத்த அத்தியாயத்துக்காக வாசகர்கள் சந்தாவைப் புதுப்பிப்பார்கள். தொடர் முடிந்ததும் அதே கதை புத்தகமாகும். இன்றைய வெப் சீரிஸ் தளங்கள் சந்தாதாரர்களைப் பிடித்துவைக்கும் அதே உத்தி. ஆனால் இதில் ஒரு நெருக்கடியும் உண்டு. உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்று காரணம் சொல்லித் தள்ளிப்போட முடியாது. இதழ் வந்தாக வேண்டும். சுமார் 35 ஆண்டுகள் அதை நடத்தினார். அந்தக் காலத்தில் எழுதிய நாவல்கள் 115. சராசரியாக வருஷத்துக்கு மூன்றுக்கு மேல்!

கதை படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று நம்பியவர்கள் நிறைய பேர் இருந்த காலம். ஒரு பெண்ணே பத்திரிகை நடத்தினால் சும்மா விடுவார்களா? கேலியும் எதிர்ப்பும் வந்தன. அவர் நிறுத்தவில்லை. கணவர் பார்த்தசாரதியும் பக்கபலமாக இருந்தார்.

என்னவெல்லாம் எழுதினார்?

வை.மு.கோ-வின் கதைகளை ஒரே வகைக்குள் அடக்க முடியாது. மேலோட்டமாக இப்படிப் பிரிக்கலாம்:

* மர்மம், துப்பறிதல்: தலைமறைவுகள், மாறுவேடங்கள், சூழ்ச்சிகள், கடைசியில் அவிழும் முடிச்சுகள்.
* குடும்பம்: மாமியார், மருமகள், சிற்றன்னை, ஆதரவற்ற பெண் எனப் பெண்களின் வாழ்க்கையைச் சுற்றி நகரும் கதைகள்.
* சீர்திருத்தம்: விதவை மறுமணம், மதுவிலக்கு, தேசபக்தி போன்றவற்றைப் பேசும் கதைகள்.

பெரும்பாலும் இந்த மூன்றும் ஒரே நாவலில் கலந்தே வரும். மர்மத்தை நம்பிப் புத்தகத்தைத் திறக்கும் வாசகி, படித்து முடிக்கும்போது விதவை மறுமணம் பற்றியும் யோசித்திருப்பார். நேரடியாக உபதேசம் செய்திருந்தால் பல வீடுகளுக்குள் நுழையவே முடியாத விஷயங்கள், கதையோடு கதையாக உள்ளே போயின.

சிறைக்குள்ளும் ஒரு நாவல்

1925-ல் காந்தி சென்னைக்கு வந்தபோது, காங்கிரஸ் தலைவர் எஸ்.சீனிவாச ஐயங்காரின் வீட்டில் அவரைச் சந்தித்தார் கோதைநாயகி. பட்டும் நகையும் போயின, கதர் வந்தது. சீனிவாச ஐயங்காரின் மகள் அம்புஜம்மாளோடு சேர்ந்து பொதுப்பணிகளில் இறங்கினார். நன்றாகப் பாடுவார் என்பதால், மேடைகளில் பேச்சும் பாட்டும் சேர்ந்தே ஒலித்தன.

1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி எதிர்ப்புப் போராட்டங்களில் கலந்துகொண்டு சிறைக்குப் போனார். அவர் உள்ளே இருந்தபோது பத்திரிகையைக் கணவர் கவனித்துக்கொண்டார். சிறையில் இருந்தபடியே 'உத்தமசீலன்' என்ற நாவலை எழுதினார்.

விடுதலைக்குப் பிறகு, 1948-ல் சிங்கப்பெருமாள்கோவிலில் 'மகாத்மாஜி சேவா சங்கம்' தொடங்கி, பெண்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். விடுதலைப் போராட்டத் தியாகி என்ற முறையில் அரசு கொடுத்த 10 ஏக்கர் நிலத்தை, வினோபா பாவேயின் பூதான இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

நிழலாக வந்த துயரம்

1956-ல் அவருடைய ஒரே மகன் இறந்துபோனார். அந்த இழப்பிலிருந்து கோதைநாயகி மீளவே இல்லை. உடல்நலம் குன்றியது, காசநோயும் சேர்ந்துகொண்டது. 1960 பிப்ரவரி 20-ம் தேதி காலமானார். வயது 58. அவர் போன பிறகு ஜகன்மோகினிக்கும் ஆள் இல்லை.

ஏன் மறந்துபோனோம்?

தமிழ் நவீன இலக்கிய வரலாறு பெரும்பாலும் 1933-ல் தொடங்கிய 'மணிக்கொடி' இதழையும் அதில் எழுதியவர்களையும் மையமாக வைத்தே சொல்லப்படுகிறது. ஜனரஞ்சகக் கதைகள், அதிலும் துப்பறியும் கதைகள், அந்தக் கணக்கில் வருவதில்லை. வை.மு.கோ-வின் நாவல்களில் தற்செயல்கள் அதிகம், நடையும் பழசு என்பது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் எழுதிய ஆண்களை 'முன்னோடிகள்' என்று விரிவாகப் பேசும்போது, பத்திரிகையும் நடத்தி 115 நாவலும் எழுதியவருக்கு ஒரே வரிதான் மிஞ்சுகிறது என்றால், அதற்கு நடை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

எங்கிருந்து தொடங்கலாம்?

நேராக நாவலுக்குள் போகத் தயக்கமா? சினிமாவிலிருந்து தொடங்கலாம். அவருடைய 'ராஜமோகன்' 1937-லும், 'அனாதைப் பெண்' 1938-லும் படங்களாயின. இன்று எளிதில் பார்க்கக்கூடியது 1966-ல் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கிய 'சித்தி'. பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர்.ராதா நடித்த இந்தப் படம், வை.மு.கோ-வின் 'தயாநிதி' நாவலைத் தழுவியது. தம்பியின் படிப்புக்காகக் காதலை விட்டுவிட்டு, வயதான ஒருவருக்கு இரண்டாம் தாரமாகும் பெண்ணின் கதை. அவர் இறந்து ஆறு வருஷம் கழித்து வந்தும், தியேட்டரில் ஜனங்களை அழவைத்தது.

படம் பிடித்திருந்தால் அடுத்து 'வைதேகி'. அதன் பிறகு, இந்தப் பாதையில் அடுத்தடுத்து வந்த பெண்களைப் படிக்கலாம். குடும்பக் கதைக்கு 'ஒரு காவிரியைப் போல' எழுதிய லட்சுமி, சமூக நாவலுக்கு 'வேருக்கு நீர்' எழுதிய ராஜம் கிருஷ்ணன். இரண்டுமே சாகித்ய அகாதமி விருது பெற்றவை. அடுத்த முறை யாராவது பிடித்த பெண் எழுத்தாளர்கள் பட்டியல் கேட்டால், முதல் பெயராக வை.மு.கோ-வைச் சொல்லிப் பாருங்கள்.