ஒரே தெரு, இரு குழாய்கள்

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1813-இல் எளிய தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் ஜான் ஸ்னோ. மருத்துவராகி, 1853-இல் விக்டோரியா அரசியின் பிரசவத்தின்போது குளோரோஃபார்ம் அளிக்கும் அளவுக்கு உயர்ந்தார். ஆயினும், காலரா பலிகொண்ட தெருக்களை அவர் மறக்கவில்லை.

அன்றைய தென் லண்டனில், ஒரே தெருவின் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரு தனியார் நிறுவனங்கள் குழாய்நீர் வழங்கின. லாம்பெத் நிறுவனம் 1852 முதல் நகரக் கழிவு கலவாத மேற்பகுதியில் தேம்ஸ் நீரை எடுத்தது. சதர்க்-வாக்ஸால் நிறுவனமோ கழிவு கலந்த நீரையே வழங்கியது. 1854-இல் காலரா பரவியபோது, இறந்தோரின் வீடுகளுக்கு எந்த நிறுவனத்தின் நீர் வந்தது என்று ஸ்னோ விசாரித்தார். வாடகைக்குக் குடியிருந்த பலருக்கு அதுவே தெரியவில்லை. நீரைச் சோதித்தே அவர் கண்டறிய வேண்டியிருந்தது. முதல் ஏழு வாரங்களில் பத்தாயிரம் வீடுகளுக்கு லாம்பெத் நீரைப் பெற்றோரில் 37 பேரும், மற்றதைப் பெற்றோரில் 315 பேரும் மாண்டிருந்தனர்.

நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என நம்பிய மருத்துவ உலகம் அவர் முடிவை ஏற்கத் தயங்கியது. 1858-இல், 45 வயதில் அவர் மறைந்தார்.

குழாய் இணைப்புகளை எண்ணிப் பெருமைகொள்ளும் இந்நாளில், எவர் வீட்டுக்கு எத்தகைய நீர் வருகிறது என்பதையும் அரசுகள் கணக்கிட வேண்டும். ஸ்னோவின் வாழ்வு உணர்த்தும் பாடம் அதுவே.