ஒரு முத்திரை குறைந்ததால்... வால்ட்டர் பெஞ்சமினின் வாழ்வும் முடிவும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரின் வீடுகளில் எது இல்லாவிட்டாலும் ஒரு கோப்பு மட்டும் கட்டாயம் இருக்கும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, சத்தியக் கடதாசிகள், வதிவிட அனுமதி, அலுவலகங்கள் அனுப்பிய கடிதங்கள் யாவும் அதனுள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். வீட்டில் தீப்பற்றினால் பிள்ளைகளுக்கு அடுத்தபடியாக வெளியே எடுக்கப்படுவது அந்தக் கோப்பாகவே இருக்கும்.

1940ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், பிரான்ஸையும் ஸ்பானியாவையும் பிரிக்கும் பிரனீஸ் மலைத்தொடரை நாற்பத்தெட்டு வயதான ஒருவர் கால்நடையாகக் கடந்தார். அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான விசா அவரிடம் இருந்தது. ஸ்பானியாவையும் போர்த்துக்கலையும் கடந்து செல்வதற்கான விசாக்களும் இருந்தன. பிரான்ஸை விட்டு வெளியேறும் அனுமதி மட்டும் இல்லை. அந்த ஒரு முத்திரை இல்லாமையே அவருடைய முடிவுக்குக் காரணமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த சிந்தனையாளர்களுள் ஒருவராக இன்று போற்றப்படும் வால்ட்டர் பெஞ்சமினே அவர்.

பெஞ்சமின் 1892ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் திகதி பேர்லின் நகரில் வசதி படைத்த யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் கலைப்பொருட்கள், பழம்பொருட்கள் ஆகியவற்றின் ஏல விற்பனையில் ஈடுபட்டவர். மெய்யியலிலும் இலக்கியத்திலும் நாட்டங்கொண்ட மகன், 1919இல் சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழக ஆசிரியராவதே அவர் நோக்கமாக இருந்தது. யேர்மானியத் துன்பியல் நாடகம் பற்றித் தாம் எழுதிய ஆய்வை பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தார். பரிசீலித்தவர்களுக்கு அது விளங்கவில்லை. 1925இல், நிராகரிப்பு முறைப்படி அறிவிக்கப்படுமுன் அவரே அதனை மீளப்பெற்றுக்கொண்டார். பதினைந்து ஆண்டுகளின் பின்னர், ஒரு விசா விண்ணப்பப் படிவத்தில் அந்தத் தோல்வி மீண்டும் அவர்முன் வந்து நிற்கும் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டதும் பேனாவை நம்பி வாழத் தொடங்கினார். பத்திரிகைகளுக்கு விமர்சனங்கள் எழுதினார். புரூஸ்ற், போதலயர் ஆகிய பிரெஞ்சு எழுத்தாளர்களை யேர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். வானொலியிற் சிறுவர்களுக்காகப் பேசினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் ஒருவரின் எழுத்துக்கு இடமளிக்கப் பத்திரிகைகள் அஞ்சின. அவ்வாண்டு மார்ச் மாதத்திற் பேர்லினை விட்டுப் புறப்பட்ட பெஞ்சமின், அதன் பின்னர் தாயகத்தை மீண்டும் காணவில்லை.

அகதி வாழ்வின் முதல் ஆண்டுகள் பாரிஸ் நகரில் மலிவான விடுதிகளிலும் பிறர் வீட்டு அறைகளிலும் கழிந்தன. நாடகாசிரியர் பிரெக்ட் டென்மார்க்கிற் புகலிடம் பெற்றிருந்ததால், சில கோடைகாலங்களை அவருடன் கழித்தார். 1938இல்தான் பாரிஸின் டொம்பாள் வீதி 10ஆம் இலக்கக் கட்டடத்தில் நிலையான ஒரு சிறு வீடு கிடைத்தது. பிராங்பேர்ட்டிலிருந்து வெளியேறி நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தை அண்டி இயங்கிய சமூக ஆய்வு நிறுவனம் அனுப்பிய சிறு உதவித்தொகையே வாழ்வாதாரம். பகற்பொழுதுகளைத் தேசிய நூல்நிலையத்திற் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸின் கூரையிட்ட கடைவீதிகளைப் பற்றிய பெரும் நூலொன்றுக்குக் குறிப்புகள் சேர்த்தார்.

நண்பர்கள் அவரைப் பாரிஸை விட்டுப் புறப்படுமாறு பலமுறை வற்புறுத்தினர். இளமைக்கால நண்பரான கெர்ஷோம் ஷோலெம் பாலஸ்தீனத்துக்கு அழைத்தார். நியூயோர்க்கிலிருந்தோர் அமெரிக்காவுக்கு அழைத்தனர். பெஞ்சமினோ நூல்நிலையத்தை விட்டுப் பிரிய மனமின்றி நாட்களைக் கடத்தினார். இதற்காக அவரைக் குறைகூறுவது எளிது. ஆனால், நாளை நிலைமை சீராகும் என்று நம்பி, கையில் எடுத்த வேலையை முடித்துவிட்டுப் புறப்படலாம் எனத் தாமதித்தோர் எம் உறவினருள்ளும் பலருண்டு.

1938இல் அவர் பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். அந்திரே ஜீட், போல் வலெரி போன்ற புகழ்பெற்ற எழுத்தாளர்களின் ஆதரவு இருந்தும், யுத்தம் வரும்வரை அந்த விண்ணப்பத்துக்கு முடிவு கிடைக்கவில்லை. இதற்கிடையில், 1939இல் நாஸி அரசு அவருடைய யேர்மன் பிரஜாவுரிமையைப் பறித்தது. அவர் நாடற்றவரானார். அதே ஆண்டு செப்டெம்பரில் யுத்தம் மூண்டபோது, பிரான்ஸிலிருந்த யேர்மானிய ஆண்கள் எதிரி நாட்டவர் எனக் கருதப்பட்டுத் தடுத்து வைக்கப்பட்டனர். யேர்மனி தன் பிரஜை அல்லர் என்று தள்ளிவிட்டவரை, யேர்மானியர் என்று கூறிப் பிரான்ஸ் அடைத்தது. முதலிற் பாரிஸின் புறத்தேயுள்ள கொலொம்ப் விளையாட்டரங்கிலும், பின்னர் நெவேர் நகருக்கு அருகில் ஒரு பழைய மாளிகையிலும் அவர் வைக்கப்பட்டார். அங்கே சக கைதிகளுக்கு மெய்யியல் கற்பித்து, கட்டணமாகச் சிகரெட்டுகளைப் பெற்றார் என்று உடனிருந்தவர்கள் பின்னாளில் எழுதியுள்ளனர். பிரெஞ்சு நண்பர்களின் முயற்சியால் நவம்பரில் விடுதலையானார். இதய நோயும் அவரை வருத்தத் தொடங்கியிருந்தது.

இப்போதுதான் அமெரிக்கா செல்வதில் அவர் முழுமனத்துடன் இறங்கினார். தோழி ஹன்னா ஆரென்டுடனும் அவர் கணவருடனும் சேர்ந்து ஆங்கிலம் கற்கத் தொடங்கினார். 1921இல் வாங்கி உயிரினும் மேலாகப் பேணிய, பௌல் கிளே வரைந்த தேவதை ஓவியத்தை விற்றுப் பயணச் செலவைத் தேடலாமா என்றும் யோசித்திருந்தார். ஆனால் பணத்தைவிடப் பெரிய தடை விசாவாகவே இருந்தது. 1924ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் பிறந்த நாட்டின் அடிப்படையில் ஆண்டுதோறும் இத்தனை பேர் என ஒதுக்கீடு வகுத்திருந்தது. யேர்மனிக்கும் அதனுடன் இணைக்கப்பட்ட ஒஸ்திரியாவுக்கும் சேர்த்து 27,370 இடங்கள்; அவற்றுக்காகக் காத்திருந்தோரோ பல மடங்கு. மதகுருமார், பேராசிரியர்கள் போன்ற சிலர் அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே விசா பெறலாம். பேராசிரியராயின், உடனடியாக முந்திய இரண்டு ஆண்டுகள் கற்பித்திருத்தல் வேண்டும். ஐரோப்பாவின் பேராசிரியர் பலருக்குப் பாடம் சொல்லத்தக்க அவருக்கு அந்தப் பெயர் இல்லை. 1925இல் பிராங்பேர்ட் மூடிய கதவு, 1940இல் அமெரிக்க வாயிலையும் மூடப் பார்த்தது.

1940 ஜூன் மாதம் யேர்மன் படைகள் பாரிஸை நெருங்கின. பெஞ்சமின் தம் ஆய்வுக் குறிப்புகளை நண்பர் ஜோர்ஜ் பத்தாயிடம் ஒப்படைத்தார். அவர் அவற்றைத் தேசிய நூல்நிலையத்திலேயே மறைத்து வைத்தார். தங்கை டோராவுடன் புறப்பட்ட பெஞ்சமின் தென்திசையிலுள்ள லூர்து நகரை அடைந்தார். எம்மவர் ஆண்டுதோறும் மாதாவைத் தரிசிக்கச் செல்லும் அதே லூர்துதான். அங்கே அவர் சுமார் இரண்டு மாதங்கள் சிக்கிக் கிடந்தார்.

சிக்கலின் தன்மை இதுதான். விசா பெறுவதற்கு மார்சேய் நகரிலுள்ள அமெரிக்கத் துணைத்தூதரகத்துக்கு நேரிற் செல்ல வேண்டும். வெளிநாட்டவர் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வதற்குப் பொலிஸாரின் பயண அனுமதிப் பத்திரம் வேண்டும். விசா உறுதியென்று காட்டினாலன்றி அந்தப் பத்திரம் கிடைப்பது அரிது. ஒன்றைப் பெற மற்றையது தேவை. மற்றையதைப் பெற முன்னையது தேவை. இதற்குள் ஜூன் 22ஆம் திகதி கைச்சாத்தான போர்நிறுத்த ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவு, யேர்மன் அரசு கேட்கும் யேர்மானியரைப் பிரான்ஸ் ஒப்படைக்க வேண்டுமென விதித்தது. அகதிகளுக்கு அடைக்கலமாயிருந்த நாடு ஒரே நாளில் பொறியாக மாறியது.

நியூயோர்க்கிலிருந்த நிறுவனத்தின் தலைவர் மாக்ஸ் ஹோர்க்ஹைமரும் பிறரும் எடுத்த முயற்சிகள் ஓகஸ்ட் மாதத்திற் பலனளித்தன. பெஞ்சமின் மார்சேய் சென்று அமெரிக்க விசாவைப் பெற்றார். அதைக் காட்டிப் போர்த்துக்கலைக் கடக்கும் விசாவையும் ஸ்பானிய விசாவையும் பெற்றார். எஞ்சியது பிரான்ஸை விட்டு வெளியேறும் அனுமதி. அதற்கு விண்ணப்பித்தால் பெயரும் முகவரியும் அதிகாரிகளின் கைக்குப் போகும். அங்கிருந்து கெஸ்தாபோவின் கைக்கும் போகலாம். விண்ணப்பிக்காவிட்டால் எல்லையைத் திருட்டுத்தனமாகவே கடக்க வேண்டும். மார்சேயில் ஹன்னா ஆரென்டைச் சந்தித்து, வரலாறு பற்றித் தாம் கடைசியாக எழுதிய கட்டுரையின் பிரதியொன்றைக் கொடுத்தார். எழுத்தாளர் ஆதர் கோஸ்லரைச் சந்தித்தபோது, தம்மிடமிருந்த மோர்பின் மாத்திரைகளில் ஒரு பகுதியைப் பகிர்ந்துகொண்டார். பிடிபட்டால் உயிருடன் கெஸ்தாபோவிடம் போகக் கூடாது என்பதே அந்த மாத்திரைகளின் நோக்கம்.

நெவேர் முகாமில் உடனிருந்த ஹான்ஸ் பிட்கோவின் மனைவி லீசா, எல்லைக்கு அருகில் போர் வாந்திர் ஊரில் இருந்தார். செப்டெம்பர் இறுதியிற் பெஞ்சமின் அவரைத் தேடிச் சென்றார். பக்கத்து ஊரான பன்யூல்ஸின் நகரபிதா அசெமா, கள்ளக்கடத்தற்காரர் பயன்படுத்திய பழைய மலைப்பாதையொன்றை லீசாவுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். ஹென்னி கூர்லாண்ட் என்ற பெண்மணியும் அவருடைய மகனும் உடன் வந்தனர். முதல்நாள் மாலை பாதையைப் பார்த்துவர நடந்தபோது, திரும்பி இறங்கி மறுபடி ஏறத் தம் இதயம் இடந்தராது என்றறிந்த பெஞ்சமின், இரவை மலையிலேயே தனியாகக் கழித்தார். மறுநாள் பத்து நிமிடம் நடப்பதும் ஒரு நிமிடம் இளைப்பாறுவதுமாக, மணிக்கூட்டைப் பார்த்து அளவாக ஏறினார். கையில் கனமான கறுப்புத் தோற்பை ஒன்று இருந்தது. அதனுள்ளிருந்த கையெழுத்துப் பிரதி தம்மைவிட முக்கியமானது என்று அவர் கருதியதாக லீசா பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஸ்பானிய எல்லையூரான போர்ட்போவை அடைந்து பொலிஸாரிடம் பத்திரங்களைக் காட்டினர். பிரெஞ்சு வெளியேற்ற முத்திரை இல்லாத நாடற்றவர்களைத் திருப்பி அனுப்புமாறு புதிதாக உத்தரவு வந்துள்ளது எனப் பதில் கிடைத்தது. காலையிற் பிரெஞ்சு எல்லைக்குக் கொண்டு செல்லப்படுவர். அன்றிரவு மட்டும் காவலுடன் ஒரு விடுதியில் தங்கலாம். அந்த இரவில் பெஞ்சமின் மோர்பினை உட்கொண்டார். ஊர்ப் பதிவேட்டில் அவர் மரணம் செப்டெம்பர் 26ஆம் திகதி என்றும், காரணம் மூளையில் இரத்தப்பெருக்கு என்றும் பதியப்பட்டது.

உடன் வந்தவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. அவர்கள் ஸ்பானியாவைக் கடந்து போர்த்துக்கல் நோக்கிச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். ஒரு நாள் முன்னர் வந்திருந்தால் தடையின்றிச் சென்றிருப்பார். ஒரு நாள் பின்னராயின் எல்லை மூடப்பட்ட செய்தி மார்சேயிலேயே எட்டியிருக்கும். அந்த ஒரே நாளில்தான் இது நேர்ந்திருக்க முடியும் என ஹன்னா ஆரென்ட் பிற்காலத்தில் எழுதினார்.

பத்திரங்கள் இறப்பிலும் அவரை விடவில்லை. பெயரின் முன்பின் மாறி பெஞ்சமின் வால்ட்டர் எனப் பதியப்பட்டதால், யூதரான அவர் கத்தோலிக்க மயானத்திற் புதைக்கப்பட்டார். ஹென்னி கூர்லாண்ட் ஐந்து ஆண்டுகளுக்குக் கல்லறை வாடகை செலுத்திச் சென்றார். சில மாதங்களின் பின் அவ்வழியே வந்த ஆரென்ட், நண்பரின் பெயரை அம்மயானத்திற் காணவில்லை. வாடகைக் காலம் முடிந்ததும் எச்சங்கள் பொதுக்குழிக்கு மாற்றப்பட்டன. அந்தக் கையெழுத்துப் பிரதி கிடைக்கவேயில்லை. சகோதரர் கேயோர்க் 1942இல் மௌத்ஹவுசன் வதைமுகாமிற் கொல்லப்பட்டார். ஆரென்டிடம் கொடுத்த பிரதி மட்டும் அத்திலாந்திக் கடலைக் கடந்து நியூயோர்க்கை அடைந்தது. நூல்நிலையத்தில் மறைத்து வைக்கப்பட்ட குறிப்புகள் 1982இல் பெருநூலாக வெளிவந்தன. 1994இல் போர்ட்போ மயானத்தருகே, கடலை நோக்கி இறங்கும் இரும்புப் படிக்கட்டாக ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அவர் ஏறிய மலைப்பாதை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவர் இறந்து பதினோராண்டுகளின் பின், 1951 ஜூலை 28ஆம் திகதி ஜெனீவாவில் அகதிகள் பற்றிய உடன்படிக்கை கைச்சாத்தானது. உயிருக்கு அஞ்சி நேராக வந்தவர், தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை வெளிப்படுத்தினால், பத்திரமின்றி நுழைந்தமைக்காகத் தண்டிக்கப்படலாகாது என்கிறது அதன் 31ஆம் உறுப்புரை. ஆபத்துள்ள எல்லைக்கு அகதியைத் திருப்பி அனுப்பலாகாது என்கிறது 33ஆம் உறுப்புரை. எமது புகலிட விண்ணப்பங்கள் நின்றது இந்த உறுப்புரைகளின் மேல்தான். போர்ட்போவின் அந்த இரவில் இவற்றுள் ஒன்றேனும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்பட்ட பின்னரும் எல்லைகளில் மனிதர் திருப்பி அனுப்பப்பட்டதுண்டு. ஆயினும் அங்கே சுட்டிக்காட்டி வாதாடுவதற்கு இன்று ஒரு வரியாவது உண்டு. பெஞ்சமினிடம் அதுவும் இருக்கவில்லை.