ஆசிரியரை நரகிற் கண்ட மாணவர்

இத்தாலி தேசத்துப் புளோரன்ஸ் நகரிலே 1265 ஆம் ஆண்டிற் பிறந்தவர் தாந்தே. 1300 இல் அந்நகரை ஆண்ட தலைவர் அறுவருள் ஒருவராய் இரண்டு திங்கள் பணிபுரிந்தார். கட்சிப் பகை மூண்டது. 1302 இல் எதிர்க்கட்சியார் அவர்மீது கையூட்டுக் குற்றஞ் சாட்டி, அகப்பட்டால் உயிரோடு எரிக்குமாறு தீர்ப்பிட்டனர். பிறந்த ஊரை அவர் மீண்டும் மிதித்தாரல்லர்.

நாடிழந்த அக்காலத்தே எழுந்தது அவரது பெருங்காப்பியம். அதன் முதற் பாகம் நரகத்தைக் காட்டுவது. ஆங்கு ஒறுப்பு, வினையின் உருவையே கொண்டிருக்கும். வருங்காலத்தை நோக்க முயன்ற குறிகாரர், முகம் முதுகுப்புறந் திரும்பியிருக்கப் பின்னோக்கி நடக்கின்றனர். தந்தையையும் மைந்தனையும் பிரித்த பெர்த்ரான், உடலினின்றும் பிரிந்த தன் தலையை விளக்குப்போலக் கையிலே ஏந்தி வருகின்றான். கையூட்டு வாங்கினோர் கொதிக்குங் கீலிலே அமிழ்கின்றனர். தம்மீது சுமத்திய பழியைப் புலவர் மறந்தாரல்லர் போலும்.

பகைவரை நரகில் வைத்தல் எவர்க்கும் எளிது. தாந்தேயோ தமக்கு அறிவூட்டிய புருனெத்தோ லத்தீனி என்னும் மூதறிஞரையும் அங்கே வைத்தார். அவர் குற்றம் யாதென ஈண்டு விரித்தல் வேண்டா. நெருப்பு மழை பொழியும் மணல்வெளியிலே, கருகிய முகத்தோடு வருகின்றார் அம்முதியவர். கரைமீது செல்லும் மாணவர் அவரை அறிந்து திகைக்கின்றார். இறங்கி உடன்செல்ல அஞ்சுகின்றார். ஆயினும் வணங்குவார்போலத் தலை தாழ்த்தியே நடக்கின்றார். மனிதன் நிலைபேறடையும் நெறியைக் கற்பித்தவர் என நன்றி பாராட்டுகின்றார். தீர்ப்பை மாத்திரம் மாற்றினாரல்லர். பாடஞ் சொல்லி நரைத்த எமக்கு, இப்பகுதியைப் படிக்குந்தோறும் நெஞ்சு நடுங்கும். ஆசிரியர் வேண்டியது ஒன்றே: தம் நூலை மறவாதிருத்தல்.

1321 இல் தாந்தே இராவென்னா நகரிற் காலமானார். பிற்காலத்துப் புளோரன்ஸ் நகரத்தார் அவரது உடலைப் பன்முறை கேட்டும் பெற்றாரல்லர்.