மருந்துக்கடை விஞ்ஞானி ஷீலே

பழைய குமிழ் விளக்கின் உள்ளே மெல்லிய சுருளாக ஒளிர்வது டங்ஸ்டன் கம்பி. குழாய்த் தண்ணீரில் சில நாட்களில் மூக்கைத் துளைப்பது குளோரின் நெடி. ஒன்றுக்கொன்று உறவில்லாதவை போல் தோன்றும் இவ்விரண்டையும் ஆராய்ந்து உலகிற்கு வெளிப்படுத்தியவர் ஒரே மனிதர் என்று அறிந்தபோது நாங்கள் வியந்தோம். அவர் கல்லூரியில் படித்தவரல்லர். மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். அவர்தாம் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே.

1742ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், ஸ்ட்ரால்சுண்ட் நகரில், 11 குழந்தைகள் கொண்ட குடும்பத்தில் 7ஆவது பிள்ளையாக ஷீலே பிறந்தார். இன்று ஜெர்மனியில் இருக்கும் அந்நகரம் அன்று ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. 14ஆம் வயதில் கோதன்பர்க் நகரத்து மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். எங்களைவிட ஒரு வயது சிறியவர்! பகலில் மருந்து அரைப்பார். இரவில் கடையிலிருந்த வேதியியல் நூல்களைப் படித்து, அவற்றில் கண்ட சோதனைகளைத் தாமே செய்து பார்ப்பார். பின்னர் மால்மோ, ஸ்டாக்ஹோம், உப்சாலா என்று ஊர்கள் மாறின; வேலை மாறவில்லை.

1774ஆம் ஆண்டில் கரிய மாங்கனீஸ் கனிமத்துடன் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடேற்றினார். மூச்சை அடைக்கும் மஞ்சட்பச்சை வாயு எழுந்தது. அதில் பிடித்த பூக்களும் பச்சை இலைகளும் வெளுத்தன. அதுவே குளோரின். ஆனால் அது ஒரு தனிமம் என்பதை ஷீலே அறியவில்லை. 1810இல் ஹம்ப்ரி டேவி அதைத் தனிமம் என்று காட்டிப் பெயரும் சூட்டினார்.

பிராணவாயுவின் கதை இன்னும் வருத்தமானது. பிரீஸ்ட்லிக்கு முன்பே, 1772க்குள்ளாகவே, ஷீலே அதைத் தயாரித்து எருதின் சிறுநீர்ப்பையில் பிடித்து வைத்துச் சோதித்திருந்தார். எழுதிய நூலோ, முன்னுரைக்காகக் காத்துக் கிடந்து 1777இல்தான் வெளிவந்தது. அதற்குள் பிரீஸ்ட்லியின் பெயர் எங்கும் பரவிவிட்டது. முன்னுரை எழுத வேண்டியவர் சற்று விரைந்திருக்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

1775இல், கடைச் சிப்பந்தியாக இருக்கும்போதே, ஸ்வீடன் நாட்டு அறிவியற் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அதே ஆண்டில் கோப்பிங் என்னும் சிற்றூரில் ஒரு மருந்துக்கடையின் பொறுப்பு கிடைத்தது. உரிமையாளர் இறந்து, கடன் சுமையோடு கடை அவருடைய இளம் விதவையின் கையில் இருந்தது. ஷீலே உழைத்துக் கடன்களை அடைத்தார்.

அங்கேதான் 1781இல் டங்ஸ்டன் என்று அழைக்கப்பட்ட கனிமத்தை ஆராய்ந்தார். ஸ்வீடிஷ் மொழியில் அச்சொல்லுக்குக் கனத்த கல் என்று பொருள். அதிலிருந்து மஞ்சள் நிறத் தூளாக ஒரு புதிய அமிலத்தைப் பிரித்தெடுத்தார். 1783இல் ஸ்பெயின் நாட்டு எல்ஹூயார் சகோதரர்கள் அத்தகைய தூளைக் கரியோடு சேர்த்துச் சூடேற்றி உலோகத்தைப் பெற்றார்கள். இங்கும் ஷீலேக்குப் பாதிப் புகழ்தான். கல்லுக்கு மட்டும் பிற்காலத்தில் ஷீலைட் என்று பெயர் வைத்தார்கள்.

சூடான டங்ஸ்டன் மீது குளோரினைச் செலுத்தினால் டங்ஸ்டன் ஹெக்சாகுளோரைடு என்ற கருநீலப் படிகம் உண்டாகிறது. ஷீலே கண்ட இரண்டும் சேர்ந்த பொருள்! டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும், வார்ப்பது எளிதன்று. இந்தக் குளோரைடோ சுமார் 350 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவியை ஹைட்ரஜனோடு கலந்து சூடான பொருளின் மேல் செலுத்தினால், குளோரின் பிரிந்துபோக, டங்ஸ்டன் மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஆல்கஹாலில் கரைத்தும் டங்ஸ்டன் ஆக்சைடு படலம் செய்கிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் நீலமாக மாறும் கண்ணாடிக்கு அப்படலம் உதவுகிறது. ஈரக் காற்றுப் பட்டால் மட்டும் இப்படிகம் சிதைந்து அமிலப் புகையை விடும்.

வினையூக்கியாகவும் அது புகழ்பெற்றது. 1967இல் அமெரிக்காவில் நிசிம் கால்டரனும் அவருடன் பணிபுரிந்தோரும், அலுமினியச் சேர்மம் ஒன்றையும் சிறிது ஆல்கஹாலையும் இதனுடன் சேர்த்து, அறை வெப்பத்திலேயே இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகளை இடம் மாறச் செய்தார்கள். கோலாட்டத்தில் நாம் இணை மாற்றிக்கொள்வது போல, இரு மூலக்கூறுகள் தங்கள் பாதிகளை மாற்றிக்கொள்கின்றன. இவ்வகை வினையால் உறுதியான பிளாஸ்டிக்குகள் செய்யப்படுகின்றன. இவ்வினையை வளர்த்த மூவருக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவற்றில் எதையும் காண ஷீலேக்கு ஆயுள் இருக்கவில்லை. தாம் செய்த பொருள்களை முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பது அவர் வழக்கம். கொடிய நஞ்சான ஹைட்ரோசயானிக் அமிலத்தின் சுவையைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயை மூக்கருகே கொண்டுபோனாலே ஆசிரியை அதட்டுவார்! ஆர்சனிக், பாதரசம் முதலியவற்றோடு பல்லாண்டு பழகியதே அவர் உடலைக் கெடுத்தது என்று பலர் கருதுகின்றனர்.

1786ஆம் ஆண்டு மே மாதம், படுக்கையில் கிடந்த நிலையில், கடைக்காரரின் விதவையான சாரா போலை மணந்துகொண்டார். தம் உடைமைகளும் கடையும் அவருக்கே சேர வேண்டும் என்பது ஷீலேயின் எண்ணம். சில நாட்களில், மே 21ஆம் நாள், 43ஆம் வயதில் அவர் உயிர் பிரிந்தது. அவர் விரும்பியபடியே கடை சாராவுக்குச் சேர்ந்தது.