தேடியது ஒன்று, கிடைத்தது தூசி

என் ஃபைனல் இயர் புரோஜெக்டில் மூணு வாரமா ஒரு சிக்னலைத் தேடினேன். வரவே இல்லை, இரைச்சல்தான் வந்தது. அந்தக் கடுப்பில் லைப்ரரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சுப்ரமணியன் சந்திரசேகரின் இந்தக் கதையைப் படித்தேன்.

1910-இல் லாகூரில் பிறந்த தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 19 வயசில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறி, போகும் வழியிலேயே வெள்ளைக் குள்ள விண்மீன் கணக்கைப் போட்டவர். 1935-இல் லண்டனில் எடிங்டன் அதை எல்லார் முன்னாலும் கேலி செய்தார். இது நிறைய பேருக்குத் தெரிந்த கதை. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது.

1937-இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் சேர்ந்தார். சண்டையை இழுத்துக்கொண்டிருக்காமல், அதுவரை செய்ததைப் புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேற துறைக்குப் போயிட்டார். பின்னாடி அவர் கையில் எடுத்தது ஒளிச்சிதறல். சிதறும் ஒளியின் அதிர்வு ஒரே திசைக்குச் சாயும், அதுதான் போலரைசேஷன். போலராய்டு கண்ணாடி போட்டு, நீல வானத்தைப் பார்த்துக்கொண்டே தலையைச் சாய்த்துப் பாருங்க, புரியும். 1852-இல் ஸ்டோக்ஸ் எழுதி, பலரும் மறந்துபோன நாலு எண்களை வைத்தே அவர் முழுக் கணக்கையும் போட்டார்.

1946-இல் விடை வந்தது. மிகச் சூடான விண்மீனின் விளிம்பு ஒளி, எலெக்ட்ரான்களில் சிதறி, 11 சதவீதத்துக்கு மேல் போலரைஸ் ஆகியிருக்கணும். ஒரு விண்மீன் இன்னொன்றை மறைக்கும்போது இது தெரியும் என்று ஹில்ட்னரும் ஹாலும் தேடினாங்க. போலரைசேஷன் கிடைச்சது, ஆனா கிரகணத்தோடு அது மாறவே இல்லை! 1949-இல் வெளியிட்டாங்க: காரணம் விண்மீனே இல்லை, வழியில் காந்தப்புலத்தால் ஒரே திசையில் நிற்கும் தூசி. அவர் சொன்ன விளிம்பு விளைவு அல்கோல் விண்மீனில் தெரிய 1983 ஆச்சு. அவருக்கு நோபல் கிடைத்ததும் அதே வருஷம்தான்.

இன்றைக்கு அந்தத் தூசிதான் பெரிய விஷயம். பிறந்துகொண்டிருக்கும் விண்மீன் தூசிக்குள் மறைந்திருக்கும். கண்ணால் பார்க்கும் ஒளியைவிட அகச்சிவப்பு ஒளி அதிகமாகத் தப்பி வெளியே வரும். விண்மீனிலிருந்து நேரே வருவது அவ்வளவாகப் போலரைஸ் ஆகாது, சுற்றியுள்ள தட்டின் தூசியில் சிதறி வருவது ஆகும். போலரைஸ் ஆகாததைக் கழித்தால் கண்கூசும் விண்மீன் மங்கி, கோள்கள் உருவாகும் தட்டு தெரியும். அந்தக் கழித்தலுக்கும் அதே ஸ்டோக்ஸ் எண்கள்தான்.

சந்திரசேகர் 1995-இல் சிக்காகோவில் இறந்தார். என் சூப்பர்வைசர் ரிப்போர்ட் கேட்கிறார். இரைச்சல் ஃபைலை நான் இன்னும் அழிக்கல.