செப்புத் தகட்டிற் சென்ற பவனி

யேம்ஸ் என்சர் 1860ஆம் ஆண்டிற் பெல்ஜியத்தின் கடற்கரைப் பட்டினமாகிய ஒஸ்ரெண்டிலே பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயர்; தாயார் அவ்வூரினர். தாய்வழியார் நடத்திய கடையிலே சங்கு, சிப்பிகளோடு, தவக்காலத்துக்கு முந்திய களியாட்டுக்குரிய முகமூடிகளும் விற்பனைக்குத் தொங்கின. அம்முகமூடிகள் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

பிரசெல்சிலே மூன்றாண்டு ஓவியம் பயின்று ஊர் திரும்பிய என்சர், 1883இல் ‘இருபதின்மர்’ என்னும் ஓவியர் குழுவைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். 1888இல் அவர் தீட்டிய பெருஞ்சீலை, கிறித்து பிரசெல்சு நகரினுட் புகுவதைக் காட்டுவது; 2.5 மீற்றர் உயரமும் 4.3 மீற்றர் அகலமும் உடையது. எருசலேமிலே நிகழ்ந்த பவனியைத் தம் நாட்டுத் தலைநகரத்துத் தெருவுக்கே கொணர்ந்துவிட்டார். முன்னே ஆயர் கோலத்தில் ஒருவர், பின்னே வாத்தியக் குழு, எங்கும் முகமூடிகள், மேலே அரசியல் முழக்கம் எழுதிய பதாகை. கழுதைமேல் வரும் கிறித்துவையோ தேடித்தான் காணல்வேண்டும். பவனி அவர்க்காகவே நடக்கின்றது. அவரை நோக்குவாரைக் காண்பது அரிது. அத்திருமுகத்திலே என்சர் தம் சாயலையே அமைத்தார். இதனைச் செருக்கென்பாரும் உளர். யான் அவ்வாறு கொள்ளேன். கூட்டத்தின் நடுவே தனித்துப்போன ஓர் இளைஞனின் துயராகவே அஃது எனக்குத் தோன்றுகின்றது.

இருபதின்மரும் அவ்வோவியத்தை ஏற்றிலர். 1893இல் அக்குழு கலைந்தபோது, மனம் நொந்த என்சர் தம் சித்திரக்கூடத்திலுள்ளன யாவற்றையும் 8,500 பிராங்குக்கு விற்க முன்வந்தார். வாங்குவார் இல்லை.

சீலையும் வண்ணமும் அழியக்கூடியன என்ற அச்சம் அவர்க்கு முன்னரே இருந்தது. ஆதலின் 1886 முதல் செதுக்குச் சித்திரத்திற் கைபயின்றார். செப்புத் தகட்டிலே மெழுகு பூசி, ஊசியாற் கீறி, அமிலத்தில் இட்டால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் ஒற்றுவர். 1898இல் அப்பெரும் பவனியை இம்முறையால், 25 சதமமீற்றர் உயரமும் 36 சதமமீற்றர் அகலமுமே கொண்ட தகட்டில் மீண்டும் அமைத்தார். இது படிபடியாக அச்சாகக்கூடியது. எவர் மறுப்பினும் வெளியே செல்லவல்லது.

பெருஞ்சீலையோ அவருடனேயே தங்கிற்று. 1917இல் உறவினர் வழி வந்த கடைவீட்டிற் குடிபுகுந்தவர், வாணிகத்தைக் கைவிட்டும் கடைப் பொருள்களை இருந்தவாறே வைத்துக்கொண்டு, மாடியிலே தம் ஆர்மோனியத்துக்கு மேலே அதனை மாட்டிவைத்தார். 1929இலேதான் அது முதன்முறையாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அவ்வாண்டே அரசர் அவர்க்குப் பிரபுப் பட்டம் வழங்கினார். அப்பொழுது வயது அறுபத்தொன்பது. அவரது சிறந்த படைப்புக்காலம் கழிந்து முப்பதாண்டளவாயிற்று.

1949இல் என்சர் ஒஸ்ரெண்டிலேயே காலமானார். இடித்தழிக்காமற் காக்கவேண்டுமென்று தாம் வாதாடிய மணற்குன்றுத் தேவாலயத்தின் அருகே அவரை அடக்கஞ் செய்தனர்.