ஆக்டேவியா ஹில் அம்மையார்

உணவும் உடையும் உறையுளும் மக்களுக்கு இன்றியமையாதன. இவற்றோடு, மலரும் பசுமையும் தூய காற்றும் ஏழைகட்கும் வேண்டும் என உணர்ந்து, அதற்கென வாழ்நாளெல்லாம் உழைத்தவர் ஆக்டேவியா ஹில் அம்மையார்.

இவர் 1838-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் விஸ்பெக் என்னும் ஊரில் பிறந்தார். இவரது குழந்தைப் பருவத்திலேயே தந்தையார் செல்வம் இழந்தார். 14 வயதில் அம்மையார் இலண்டனில், பொம்மை செய்யும் ஏழைச் சிறுவர்களை மேற்பார்க்கும் பணியை ஏற்றார். புகை சூழ்ந்த சந்துகளில் வளர்ந்த அவர்களை ஓய்வு நேரங்களில் புல்வெளிகளுக்கு அழைத்துச் சென்றார்.

1865-இல் ரஸ்கின் என்னும் அறிஞர் பாழடைந்த மூன்று வீடுகளை விலைக்கு வாங்கி இவரிடம் ஒப்படைத்தார். அம்மையார் அவற்றைச் செப்பனிட்டு ஏழைகட்கு வாடகைக்கு விட்டார். தாமும் தோழியரும் வாரந்தோறும் அங்கே சென்று, வாடகை பெறுவதோடு குடியிருப்போர் நலமும் வினவி வந்தனர். பின்னர்க் குழந்தைகள் விளையாட ஒரு வெளியையும் அமைத்தார்.

இவருடைய தமக்கையார் மிராண்டா, ஏழைகளின் வாழ்வில் அழகைச் சேர்ப்பதற்கென ஒரு சங்கம் கண்டார். அம்மையார் அதற்குத் துணைநின்றார். அதன் தொண்டர்கள் ஏழைகட்கு மலர்கள் வழங்கினர். பயன்படாது கிடந்த இடுகாடுகளைப் பூங்காக்களாக்கினர்.

எனினும், எண்ணியவை யாவும் எளிதில் கைகூடவில்லை. 1875-இல் சுவிஸ் காட்டேஜ் என்னுமிடத்துப் புல்வெளிகளை வாங்கிக் காக்க அம்மையார் பொருள் திரட்டினார். உரியவர்கள் விற்க இசையவில்லை; அவ்வெளிகளில் கட்டடங்கள் எழுந்தன. ஆயினும் அவர் முயற்சி ஓயவில்லை.

சதர்க் பகுதியில் ரெட்கிராஸ் தெருவை ஒட்டி ஒரு பாழ்நிலம் கிடந்தது. எரிந்துபோன காகிதத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுகள் அங்கே குவிந்திருந்தன. அம்மையார் அவற்றை அகற்றுவித்தார். 1887-இல் அங்கே புல்தரையும் மலர்ப்பாத்திகளும் குளமும் இசைமேடையும் கொண்ட தோட்டம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் அருகே ஏழைகட்கு அழகிய சிறு வீடுகளும் ஒரு மன்றமும் எழுந்தன. அம்மன்றச் சுவரை அரசர்களின் உருவங்கள் அணிசெய்யவில்லை. தீயிலிருந்து குழந்தைகளைக் காத்துத் தன்னுயிர் நீத்த ஆலிஸ் அயர்ஸ் என்னும் எளிய பெண்ணின் செயலே ஓவியமாக அணிசெய்தது. ஆகவே, அவ்விடம் கண்ணுக்கு அழகையும் உள்ளத்திற்கு அறிவையும் ஒருங்கே வழங்கியது.

1895-இல் நாட்டின் இயற்கை எழிலையும் பழஞ்சின்னங்களையும் காக்கும் தேசிய அறக்கட்டளையை நிறுவிய மூவருள் அம்மையாரும் ஒருவர். 1912-இல் அவர் மறைந்தார். காலப்போக்கில் பொலிவிழந்த அத்தோட்டம் 2006-இல் பழைய வடிவில் மீட்கப்பட்டது. அதனைப் பேணுவதில் தொண்டர்களும் கை கொடுத்தனர்.

மாணவர்களே! நம் தெருவிலும் பள்ளியிலும் வெற்றிடங்கள் உள்ளன. அவற்றில் ஒரு செடி நட்டு நீர் ஊற்றுதல் நமக்கு எட்டாத செயலன்று. பலர் கூடி அதனைச் செய்தால், நம் ஊரும் பொலிவுறும். நம் உள்ளமும் பண்படும்.